கல்யாண வீட்டுக்கு ஆகாத பாட்டு

தென்காசியில் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் நகல் எடுக்கும் மிஷின், லேமினேஷன் மிஷின், ஒரு சின்ன ஸ்பீக்கர். வருமானம் மிஷின்களால் வருகிறது. ஆளைப் பிடித்து நிறுத்துவது ஸ்பீக்கர். ரேஷன் கார்டு நகலை வாங்கி, மிச்சச் சில்லறையையும் வாங்கி, குடையை விரித்த பிறகும் சிலர் நகராமல் நிற்பார்கள். "இன்னும் ஏதும் எடுக்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்டால், "இல்ல, அந்த ரெண்டாவது சரணம் முடியட்டும்" என்பார்கள். இவர்களிடம் நான் லேமினேஷனுக்குக் காசு குறைத்து வாங்கியிருக்கிறேன்.

இன்னொரு ரகம் உண்டு. கடைக்குள் கால் வைக்கும்போதே, "என்னய்யா எப்பப் பாத்தாலும் சோகப்பாட்டு?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். இவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சோகப்பாட்டு வேறு, சோகம் உள்ள பாட்டு வேறு. சோகப்பாட்டில் நாயகன் மார்பில் அடித்துக்கொண்டு பாடுவான், வயலின்கள் கும்பலாக அழும். அது எனக்கும் பிடிக்காது. நான் சொல்லுவது வேறு. தாளம் துள்ளும், நாயகி சிரிப்பாள், தோட்டத்தில் பூவெல்லாம் இருக்கும். இரண்டு சரணத்துக்கு நடுவில் ஒரு புல்லாங்குழல் மட்டும், யாரும் கேட்காதபோது, ஒரு படி கீழே இறங்கிவிட்டு மேலே வந்துவிடும். அந்த ஒரு படியில்தான் பாட்டே இருக்கிறது என்று நான் வாதாடுவேன். வாதாடி ஒரு ஆளையும் ஜெயித்தது கிடையாது.

என் மனைவி முதல் எதிர்க்கட்சி. "விடிஞ்சும் விடியாம எழவு வீடு மாதிரி என்னத்தையாவது போட்டுக்கிட்டு" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அவள் பாயசம் வைக்கும்போது கடைசியில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவாள். அதைக் காட்டி, "இது என்னத்துக்கு?" என்று கேட்டேன். "அப்பத்தான் இனிப்பு எடுத்துக் குடுக்கும்" என்றாள். "அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்றேன். "பாயசத்துக்கும் பாட்டுக்கும் முடிச்சுப் போடாதிய, போய்க் கடையைத் தொறங்க" என்று சொல்லிவிட்டாள். 

எனக்கென்று ஒரு பாட்டு உண்டு. பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் "இதுவா?" என்பீர்கள். பெரிதாக ஓடாத ஒரு படத்தில் வந்தது. லாரி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் ஒரு அப்பன் பாடுவான். தாளம் வண்டி ஓட்டம்தான், கேட்டால் தோள் தானாக ஆடும். அவன் சொல்லுவதெல்லாம் இவ்வளவுதான்: நான் வந்து சேரும்போது என் பிள்ளை தூங்கியிருப்பாள், எழுப்ப மாட்டேன், போன தடவைக்கு இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகப் படுத்திருப்பாள்.

என் மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது லேசில் தூங்கமாட்டாள். மொபெட்டில் மனைவி பின்னால் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, நான் மேலகரம் வழியாகக் குற்றாலம் ரோட்டில் போவேன். மலைக்காற்று முகத்தில் அடிக்கும். நான் அந்தப் பாட்டைப் பாடுவேன். மொபெட்டும் அதே தாளத்தில்தான் ஓடும். குற்றாலத்தை எட்டுவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். "வண்டிப் பாட்டு" என்று அவளே பிற்பாடு பேர் வைத்தாள். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒருநாள் கேட்டாள்: "ஏம்ப்பா, வண்டிப் பாட்டு சந்தோசமாத்தான இருக்கு. கேக்கும்போது தொண்டை ஏன் வலிக்குது?"

ஊரில் ஒருத்தரிடமும் ஜெயிக்காத வாதத்தை என் வீட்டுப் பிள்ளை பாவாடை சட்டையோடு நின்று சொல்லிவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அதாம்மா பாட்டு" என்றேன். "அப்ப என் கல்யாணத்துல நீதாம்ப்பா இதைப் பாடணும்" என்றாள். பாடுகிறேன் என்று கையடித்துக் கொடுத்தேன். சின்னப் பிள்ளையிடம் கொடுத்த வாக்கு என்று நான் விட்டுவிடவில்லை, அவளும் விடவில்லை. நர்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும், ஏதாவது கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், "அப்பா, வண்டிப் பாட்டு ஞாபகம் இருக்குல்ல?" என்பாள்.

மாப்பிள்ளை பாவூர்சத்திரத்தில் அமைந்தது. காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை. கடையை நடத்துவது மாப்பிள்ளையின் அம்மா. கணவர் இல்லை. மகன் நடக்கப் பழகிய வயதிலேயே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு விடியற்காலை ஏலத்தில் ஆண்களுக்கு நடுவில் நின்று விலை சொல்லி, மகனை ஆளாக்கியவர். குரல் தெருமுனை வரை கேட்கும். சிரிப்பு அதற்கும் மேலே. அந்தக் குடும்பம் முழுவதுமே அப்படித்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அதிர்ந்தது. சந்தோசமான ஜனங்கள், நம் பிள்ளை நன்றாக இருப்பாள் என்று எனக்கும் மனைவிக்கும் நிம்மதி.

நிச்சயத்தன்று சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ, "மாமா நல்லாப் பாடுவாகளாமே" என்று எடுத்துக் கொடுத்தார்கள். ஆடுகிற காலும் பாடுகிற வாயும் சும்மா இருக்குமா? எழுந்து நின்றேன். வண்டிப் பாட்டை எடுத்தேன். முதல் சரணம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது சரணத்தில் அந்தப் பிள்ளை நீளமாகப் படுத்திருக்கிறாள் என்கிற இடம் வந்ததும், எதிரில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்துத் தொலைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அவளுக்கும் கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரிய அம்மாள் ஒருத்தர், "பூ வச்ச அன்னைக்குப் பொண்ணை அழ வைக்கப்பிடாது" என்று சத்தமாகவே சொன்னார். சம்பந்தி அம்மாவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டதை நான் பார்த்தேன். அதுவரை நிற்காத சிரிப்பு.

இரண்டொரு நாளில் போன் வந்தது. "அண்ணாச்சி, ரிசப்சனுக்குக் கச்சேரி வைங்க, எனக்கும் ஆசைதான். ஆனா சோகப்பாட்டு ஒண்ணுகூட வரப்பிடாது. எல்லாரும் உக்காந்து பாத்து முடிவு பண்ணிருவோம்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாவூர்சத்திரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் கூடினோம். வீடு முழுக்க சின்ன வெங்காய வாசனை. சம்பந்தி அம்மா, அவர் தம்பி, மாப்பிள்ளை, நான், என்னோடு மெல்லிசைக் குழுக்காரர். குழுக்காரர் தென்காசிக்காரர்தான், பாய். அவர் அண்ணன் தம்பிகளெல்லாம் வளைகுடாவில் இருக்க, இவர் மட்டும் கீபோர்டை விட்டுப் போக மாட்டேன் என்று ஊரிலேயே தங்கிவிட்டார். கல்யாண வீடுகளில் வழக்கமாகப் பாடும் பாட்டுகளைப் போனிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

முதலில் ஒரு டூயட். எல்லாரும் தலையாட்டினார்கள். தம்பி மட்டும், "இந்தப் படத்துல இடைவேளைக்குப் பொறவு அந்தப் பிள்ளை செத்துப் போயிரும்லா?" என்றார். எடுத்துவிட்டோம். அடுத்தது மழைப்பாட்டு. அதில் கடைசி வரியில் பிரிவு என்று ஒரு வார்த்தை வருவதை மாப்பிள்ளையே கண்டுபிடித்தார். அடுத்தது அண்ணன் தங்கை பாட்டு. தங்கச்சி வாழ்க்கை அந்தப் படத்தில் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். குத்துப்பாட்டு ஒன்று வந்தது, இனி கவலை இல்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். கவனித்துக் கேட்டால் காதல் தோற்றுப்போய் ஒயின்ஷாப்பில் நின்று பாடுகிறான். கடைசியில் புதிதாக வந்த பாட்டு ஒன்று, பாதி இங்கிலீஷ். யாருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை, ஆகவே நல்ல பாட்டுத்தான் என்று சம்பந்தி அம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, "இது பிரேக்கப் சாங்கும்மா" என்றார்.

மிச்சம் நின்றவை ஒரு பிள்ளையார் பாட்டும், ஒரு புத்தாண்டு வாழ்த்துப் பாட்டும். பாய் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, ரிசப்சன் முடியுத வரைக்கும் ஹேப்பி நியூ இயரே பாடட்டுமா?"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை. ஊரில் எத்தனை பேரோடு தொண்டை வறள வாதாடியிருக்கிறேன். நான் ஒரு வார்த்தை பேசாமலே, இவர்களே ஒவ்வொரு பாட்டாகப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பதைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டார்கள். சந்தோசமாகச் சொல்லப் போனேன். அப்போது பாயின் விரல் பட்டு, வேறொரு பாட்டு தானாக ஓட ஆரம்பித்தது. பழைய பாட்டு. நிதானமான தாளம், ஆண் குரல், நல்ல பாட்டு. முதல் வரி முடியவில்லை. "அதை நிறுத்துங்க" என்றார் சம்பந்தி அம்மா. ஏலத்தில் விலை முறிக்கிற குரல் அது. பாய் நிறுத்தினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் சம்பந்தி அம்மாவே ஒரு வழி சொன்னார். உள்ளே என்ன இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், வெளியே கேட்க நல்லபடியாக இருந்தால் போதும், தாளம் ஆடுகிற மாதிரி இருக்க வேண்டும், யாரும் அழக்கூடாது. தள்ளிய பாட்டெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பாய்க்கு உயிர் வந்தது. "ஆனா அண்ணாச்சி," என்றார் சம்பந்தி அம்மா என்னிடம், "நீங்க பாடுதது மட்டும் வேண்டாம்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தேன். என் பிள்ளை கல்யாணம், என் வாய், பாடக்கூடாதாம். மனைவியிடம் கொட்டினேன். "பாடுனா நீங்க அழுவிய. அழுதா அவ அழுவா. அவுக பயப்படுதாக. விடுங்களேன்" என்றாள். மகளிடம் சொன்னபோது கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "பரவால்லப்பா. வீட்டுல பாடிக்கிடலாம்" என்றாள். அந்தப் பரவாயில்லை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பத்திரிகை வைக்கும் சமயத்தில் சம்பந்தி அம்மா தனியாக என் கடைக்கு வந்தார். கல்யாணத்தைப் பதிவு செய்யத் தேவைப்படும் என்று ஆதார் நகல்கள் வேண்டுமாம். மார்க்கெட் ஊரில் இல்லாத ஜெராக்ஸா? பேசத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஸ்பீக்கரில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவசரமாக அணைத்தேன்.

"ஏன் நிறுத்திட்டிய? ஓடட்டும்" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வரவழைத்தேன்.

"கோவமா அண்ணாச்சி?"

"கோவமெல்லாம் இல்ல தங்கச்சி. வருத்தம்தான்" என்றேன். மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

அவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். "எங்க கல்யாணத்துல தாலி கட்டுத நேரம், மைக்செட்டுக்காரன் மேளத்தை மீறிக்கிட்டு ஒரு பாட்டைப் போட்டுட்டான். அன்னைக்கு பாய் போன்ல ஓடுச்சுல்லா, அதே பாட்டு. பிரிஞ்சு போறவன் பாடுத பாட்டு. சனமெல்லாம் திகைச்சுப் போச்சு. எங்க பெரியத்தை ஓடிப்போய் செட்டுக்காரனை வஞ்சு தீத்துட்டா. அந்த நேரத்துக்கு எல்லாரும் சிரிச்சுட்டு விட்டுட்டாக. பொறவு எம் மவன் நடக்கப் பழகுத வயசுல அவுக அப்பா நெஞ்சுவலின்னு படுத்து ஒரே நாள்ல போயிட்டாக. எழவு கேக்க வந்தவுக என்ன சொன்னாகங்கிய? அந்தப் பாட்டு அன்னைக்கே சொல்லிட்டுன்னு. எங்காதுபடவே சொன்னாக."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நான் அதையெல்லாம் நம்பல அண்ணாச்சி. ஆனா நம்பாம இருக்கவும் முடியல. எம் மவன் விசயம். அதுக்குப் பொறவு எங்க வீட்டுல பாட்டே போடுததில்ல. மார்க்கெட்டுல லோடு எறக்க வருத டெம்போக்காரன்கூட என்னைப் பாத்தா பாட்டைக் கொறச்சிருவான். அன்னைக்கு நிச்சயத்துல நீங்க பாடி, அவ அழுத ஒடனே எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆயிட்டு."

அவ்வளவு சிரிக்கிற வீட்டில் பாட்டுச் சத்தமே கிடையாது என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். என் வருத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நான் பாடல தங்கச்சி. இது வாக்கு" என்றேன். நகல்களுக்குக் காசு வாங்க மறுத்தேன். வியாபாரத்தில் சொந்தம் பார்க்கக் கூடாது என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணம் ஆனி மாதம், குற்றாலத்தில். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் கல்யாணம் வைக்கிற கூத்தை எங்கள் பக்கத்து ஆட்கள்தான் செய்வார்கள். சாரல் விழும்போது தாலி கட்டினால் விசேஷம் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரே பிடி. "கூட்டம் அருவிக்குப் போகும், மண்டபத்துக்கு வராது" என்று என் மனைவி அன்றைக்கே சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

முகூர்த்தம் கோலாகலமாக நடந்தது. சாரல் மண்டபத்து வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தது. நாதஸ்வரம் மட்டும்தான், ஸ்பீக்கர் கிடையாது. தாலி ஏறும்போது நான் சம்பந்தி அம்மாவைப் பார்த்தேன், அவர் சுற்றுமுற்றும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். முடிச்சு விழுந்ததும் பெருமூச்சு விட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும்தான் வேடிக்கை ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒரு பையில் மொய்க் கவரும் இன்னொரு பையில் எண்ணெய் பாட்டிலும் துண்டுமாக வந்திருக்கிறார்கள். பட்டுச்சேலைகள் அவிழ்ந்து நைட்டிகள் ஆயின. பாயசம் குடித்த வாய் காயவில்லை, தலையில் எண்ணெய் இறங்கிவிட்டது. "ரிசப்சனுக்கு முன்னால வந்திருவோம் மாமா" என்று வேன் வேனாகக் கிளம்பினார்கள். மெயின் அருவியில் தண்ணீர் அதிகம் என்று சங்கிலி போட்டு மறித்திருந்தார்கள். ஆகவே மொத்தக் கூட்டமும் ஐந்தருவிக்குப் போனது. வெளியூர்க் கார்களும் அங்கேதான் போயின.

சாயங்காலம் விளக்கெல்லாம் போட்டாயிற்று. மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பாய் குழுவோடு தயாராக நிற்கிறார். எதிரே துணி உறை போட்ட நாற்காலிகள், ஒன்றைத் தவிர எதிலும் ஆள் இல்லை. வீடியோக்காரர் வேறு வழியில்லாமல் வாசலில் வைத்த பன்னீர்ச் செம்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் வந்து, பஜ்ஜி போடலாமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனார். சம்பந்தி அம்மா மட்டும் அருவிக்குப் போகவில்லை. "மருமவ ஒத்தையில இருப்பாள்லா" என்று முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தம்பி போனில் வந்தார். "ட்ராபிக்ல நிக்கோம்க்கா. ஒரு வண்டியும் அசையல. எல்லாம் ஈரத்தலையோட உக்காந்திருக்கோம்." அக்கா திட்டிய திட்டு மைக்கில்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது.

பிறகு மேடையையும் காலி நாற்காலிகளையும் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, இங்கன வாங்க" என்றார். போனேன்.

"அந்த வண்டிப் பாட்டைப் பாடுங்க."

நான் திகைத்துவிட்டேன். "வேண்டாம் தங்கச்சி. வாக்குக் குடுத்துட்டேன்."

"எங்கிட்டதான குடுத்திய. நாந்தான் கேக்கேன். மருமவ எல்லாத்தையும் சொன்னா. பச்சப் புள்ளைக்குக் குடுத்த வாக்கை முறிச்சுப்போட்டு எனக்கு என்ன பெருமை? சகுனம் பாக்க ஒரு குஞ்சுகூட இல்ல. ஆளு வருததுக்குள்ள பாடிருங்க."

பாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் மேடை ஏறுவதற்குள் சுருதியைப் பிடித்துவிட்டார். நான் மகளைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து, காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடினேன். லாரி கிளம்பியது. தபேலாக்காரர் சிரித்துக்கொண்டே வாசித்தார். முதல் சரணம் தாண்டியது. இரண்டாவதில் அதே இடத்தில், நாற்காலிகளைப் பார்த்தாலும் சரி, எதைப் பார்த்தாலும் சரி, என் தொண்டை அடைத்துக்கொண்டது. பாய் கீபோர்டில் அதே வளைவைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போது என் கையிலிருந்த மைக்கை யாரோ வாங்கினார்கள். மகள். மாலை கனக்க எழுந்து வந்து, நான் விட்ட வரியிலிருந்து எடுத்தாள். கண்ணீர் ஓடுகிறது, முகம் சிரிக்கிறது, சுருதி கொஞ்சமும் விலகவில்லை. சாப்பாட்டுக்கூடத்து வாசலில் என் மனைவி, கையில் பஜ்ஜித் தட்டோடு, ஒரு வார்த்தை பிசகாமல் கூடவே வாயசைத்துக்கொண்டு நின்றாள். எழவு வீட்டுப் பாட்டு என்று சொன்ன அதே வாய்.

இவ்வளவு சந்தோசமாக நான் அழுததே கிடையாது.

பாட்டு முடிந்ததும் சம்பந்தி அம்மாவைத்தான் பார்த்தேன். கை சில்லிட்டுப் போயிருக்குமோ என்று பயம். அவர் எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தார். "இது சோகப்பாட்டா அண்ணாச்சி?" என்றார்.

வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவன் நான்.  "தெரியல தங்கச்சி" என்றேன்.

"ஒரு விசயம் சொல்லுதேன். யாருட்டயும் சொன்னதில்ல." குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் அவ்வளவு தாழும் என்று எனக்குத் தெரியாது. "செட்டுக்காரன் மாத்திப் போட்டுட்டான்னுதான் இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் நெனச்சிருக்காக. அவன் மாத்திப் போடல. போடச் சொன்னதே அவுகதான். முந்தின நாளே அவன்கிட்டச் சொல்லி வச்சிருக்காக. தாலியைக் கட்டிட்டு எங்காதுல கேட்டாக, எனக்குப் பிடிச்ச பாட்டு, ஒனக்குப் பிடிக்குதான்னு. பெரியத்தை அங்கன செட்டுக்காரனைப் போட்டு வாங்குதா, நாங்க ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சிரிக்கோம்."

"இதை ஏன் தங்கச்சி அன்னைக்கே சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? சொன்னா, அவனே தன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டான்னு சொல்லுவாக. அவுகளைச் சொல்லுததுக்கு, பாட்டைச் சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் பாயிடம் போனார். பாட்டின் பேரைச் சொல்லாமல், காதருகே குனிந்து முதல் வரியை முனகினார். பாய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பாய் கீபோர்டை இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டுத் தானே மைக் முன்னால் வந்தார். அந்தப் பாட்டை அப்படிப் பாட இன்னொருத்தர் பிறக்க வேண்டும்.

பாதிப் பாட்டில் வேன்கள் வந்து சேர்ந்தன. ஈரத்தலையும் எண்ணெய் மினுக்கலுமாக, நனைந்த துண்டுகளோடு கூட்டம் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தது. பாட்டுக் கேட்டதும் சின்னஞ்சிறுசுகள் மேடைக்கு முன்னால் போய் ஆட ஆரம்பித்தன. அது ஆடும் பாட்டு அல்ல. ஆனால் குளித்துவிட்டு வந்த உடம்புக்கு எல்லாம் ஆட்டம்தான். சம்பந்தி அம்மாவின் தம்பி மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பாட்டு தெரியும். "ஏலே, நிறுத்துங்கலே அதை" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"ஓடட்டும்லே" என்றார் அக்கா. தம்பி அப்படியே நின்றார்.

மாப்பிள்ளை மேடையை விட்டு இறங்கி வந்தார். "என்ன பாட்டும்மா இது? நான் கேட்டதே இல்லையே."

"ஒங்கப்பா தாலி கட்டும்போது ஓடுன பாட்டு" என்றார், இந்தத் தடவை ஏலக் குரலில், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அவுகளே ஆசைப்பட்டுப் போடச் சொன்ன பாட்டு."

 பாய் நிறுத்தவில்லை. மாப்பிள்ளை அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பல்லவி திரும்பி வந்தபோது, கூடவே மெல்ல முனகினார். அடுத்த தடவை வாய்விட்டே பாடினார். அந்த வீட்டில் பாட்டு கேட்டே வளராத பிள்ளை. தாளம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போனது. ஆடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. மேடையிலிருந்த என் மகளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சம்பந்தி அம்மா மகன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடிகாரம் அதிர்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"அப்படியே அவுக அப்பாதான் அண்ணாச்சி" என்றார் என்னிடம். "அவுகளுக்கும் சுருதியே சேராது."